இரண்டு கோட்டு, இரண்டு மூங்கில்

ஐரோப்பாவில் மூண்ட பெரிய யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். அப்போது நான் கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. குடித்தனம் ஆற்றுக்கு எதிர்க்கரையில், சாந்த்ராகாச்சியில். தினமும் ரயிலில் ஹௌரா வந்து, மிதவைப் பாலத்தில் நடந்து ஆபீசுக்குப் போவேன். நம் ஊர் சிநேகிதர் ஒருவரும் கூட வருவார்.

பாலத்து முனையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கிழிந்த காக்கிக் கோட்டு, வாரக்கணக்கில் மழிக்காத முகம், ஓயாமல் நடுங்கும் இரண்டு கைகள். வாய் திறந்து யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். வங்காளத்தில் நம் பாஷை யாருக்குப் புரியப் போகிறது என்று எனக்கு ஒரு தைரியம். "காலங்கார்த்தால குடிச்சுட்டு உக்காந்திருக்கான் பாருங்கோ, கை எப்படி ஆடறது" என்று அவர் காதுபடவே சொல்வேன். சிநேகிதர் சிரிப்பார். மாசக்கணக்கில் எங்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு.

அந்த ஐப்பசியில் என் மனைவிக்குத் தலைப்பிரசவம். வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கேயே வைத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். குதிரை வண்டி பிடித்து மத்தியானம் ஹௌரா வந்தால், பாலம் திறந்து கிடக்கிறது. கப்பல் போவதற்காக நடுவில் மிதவைகளை விலக்கிவிடுவார்கள். மறுபடி சேர்க்க எத்தனை நேரமாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே படகு இருந்தது. ஆனால் தண்ணீர் இறங்கியிருந்ததால் படித்துறைக்கு அப்பால் முழங்கால் சேறு. அவளால் வண்டியை விட்டு இறங்கவே முடியவில்லை. நான் வண்டிக்காரனிடம் பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் கத்திக்கொண்டு நின்றேன்.

"அம்மாவ உக்கார வெக்காதீங்க சாமி. படுக்க வெச்சுத்தான் தூக்கணும்."

திரும்பிப் பார்த்தேன். அந்தக் காக்கிக் கோட்டுக்காரர்தான் பேசினார். சுத்தமான வட ஆற்காட்டுத் தமிழ். இத்தனை மாசமாக நான் சொன்னதெல்லாம் அவருக்குப் புரிந்திருக்கிறது.

வெட்கப்படக்கூட அவர் நேரம் கொடுக்கவில்லை. தன் கோட்டைக் கழற்றினார், என் ஆபீஸ் கோட்டையும் வாங்கிக்கொண்டார். கோட்டுக் கைகளை உட்பக்கமாக இழுத்துவிட்டு என்னைப் பொத்தான் போடச் சொன்னார். படகுக்காரனிடம் இரண்டு மூங்கில் வாங்கிக் கோட்டுக் கைகளுக்குள் நுழைத்ததும் தூக்குப் படுக்கை தயாராகிவிட்டது. "அம்மாவத் தொட்டுத் தூக்கலாமா சாமி?" என்று அந்த அவசரத்திலும் தயங்கினார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "தூக்குங்கோண்ணா" என்றாள்.

பிறகு இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினார். "நடுங்கும் சாமி, பிடி நழுவிடும். மூங்கிலோட சேத்து இறுக்கிக் கட்டிடுங்க."

என் அங்கவஸ்திரத்தை இரண்டாகக் கிழித்து அவர் மணிக்கட்டுகளைக் கட்டினேன். முன்னால் அவர், பின்னால் நான். நான் இரண்டு தரம் வழுக்கினேன். அவர் நின்று, பின்பக்கம் சரியாகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த அடி வைத்தார். படகில் ஏறி, அக்கரையில் வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

அவரிடம் சொல்லலாம் என்று ஓடி வந்தால், ஆஸ்பத்திரிக் காவல்காரன் அவரை வாசலிலேயே மறித்திருக்கிறான். சுவரோரமாக நின்றிருந்தார். மணிக்கட்டில் துணி அறுத்த இடம் ரத்தம் கட்டியிருந்தது.

கேட்டபோதுதான் சொன்னார். அந்த யுத்தத்தில், அரபு தேசத்துப் பாஸ்ரா பக்கம், சண்டையில் அடிபட்டவர்களைத் தூக்கி வருகிற பட்டாளத்தில் இருந்தவராம். பக்கத்தில் குண்டு வெடித்த நாளிலிருந்து கை நடுக்கமாம். ஒரு மெடலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். துறைமுகத்தில் வேலை தேடி வந்தால், நடுங்குகிற கைக்கு யார் மூட்டை கொடுப்பார்கள்?

"நம்ம ஆளையும் தூக்கினேன், எதிராளியையும் தூக்கினேன். எல்லாம் ஒரே கனம்தான் சாமி. எதுக்குச் சண்டைன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. இறக்கி வெக்கிறதுக்குள்ள பாதிப் பேர் போயிடுவாங்க. பொழைச்சாங்கன்னு காதால கேக்கறது இன்னிக்குத்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டு, பாலத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "அதுக்காகத்தானே அங்க உக்காந்திருந்தேன். திட்டினாலும் தமிழ்ல திட்டினீங்க."

அங்கேயே அழுதுவிட்டேன். சொல்வதில் வெட்கமில்லை.

மறுவாரம் எங்கள் கம்பெனியில் அவருக்காக ஒரு காவல் வேலை கேட்டேன். "யுத்தம்தான் முடிந்துவிட்டதே, இன்னும் எத்தனை நாள் அதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள்?" என்றார் பெரிய அதிகாரி. கடைசியில் ஊருக்கு டிக்கெட் எடுத்து ரயிலேற்றி விட்டதுதான் என்னால் முடிந்தது. அப்புறம் தகவலே இல்லை.

இன்று என் மகள் புத்தகப் பையோடு வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவர் இருக்கும் திசை தெரியாமலே கும்பிடுகிறேன். யுத்தம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.