பின்ன மட்டும் சொல்லிக் கொடுத்தேன்

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பின்னல் கோலாட்டம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. பந்தல் நடுவில் எட்டுக் கயிறு தொங்கும். எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக் குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றிவர, மேலிருந்து ஜடை இறங்கும். பிறகு திரும்பிச் சுற்றி அதை அவிழ்க்க வேண்டும். அவிழ்ந்தால்தான் ஆட்டம் முடியும்.

வடக்கனந்தலைச் சுற்றிய ஊர்களுக்கெல்லாம் நானே போய்ச் சொல்லிக் கொடுத்தேன். கல்யாணமாகிப் பெண்கள் போகப் போக, ஒவ்வொரு ஊரிலும் ஆட்டம் நின்றது. ஊருக்கொருத்தியை வாத்தியாராகப் பழக்கிவிட்டால் நிற்காது என்று சொன்னவளும் நான்தான். சொன்ன நாளிலிருந்து, இனி என்னை யார் கூப்பிடுவார்கள் என்ற பயமும் தொடங்கியது.

முதலில் பழக்கியது, ஏழு மைல் தள்ளியிருந்த ஊருக்குத் திருநாவலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளை. என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள். பத்தாவது படித்தவள். நான் வாயால் சொன்ன அடியெல்லாம் அவள் நோட்டில் கட்டம் கட்டமாக ஏறியது. சந்தேகம் வந்தால் பெண்கள் என்னிடம் வரவில்லை. “அந்த நோட்ட காட்டுக்கா” என்று அவளிடம் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால் சிலதைச் சொல்லாமல் விட்டேன். அதில் முக்கியமானது இது. பின்னும்போது கடைசியாகக் குனிந்து போனவள்தான், அவிழ்க்கும்போது முதல் அடி வைக்க வேண்டும். மாறினால் முடிச்சு. ஒத்திகையில் அந்தக் கடைசி இடத்தில் எப்போதும் நானே நின்றுகொள்வேன். “என் பின்னாடியே வாங்கடி” என்பேன். ஜடை தானாக அவிழ்வதுபோல் இருக்கும். ஒருநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதற்குக் கட்டமே இல்லை.

அவள் ஊர்த் திருவிழா, இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின் நடுவில் வந்தது. மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. வயல்வெளியாக நடந்தேன். முடிச்சு விழுந்திருக்கும், என்னைத்தான் தேடுவார்கள் என்று ஒரு நினைப்பு. அடுத்த வரப்பில் வேறு பயம்: அவளே அவிழ்த்துவிட்டிருந்தால்?

போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஜடை பாதி இறங்கி நின்றது. அதன் அடியில் எட்டுப் பேரும், கயிறு பிடித்த கையை மட்டும் தூக்கியபடி, தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஊரும் கூடவே பாடியது.

“வாங்கக்கா! எவ்ளோ நேரமா குந்திக்கினு இருக்கோம்,” என்றாள் அவள். “அவுக்கப் போனேன், சிக்குற மாதிரி இருந்துச்சு. நிறுத்திட்டேன். கயித்த வுட்டா யாருது எதுன்னு தெரியாதே.”

“கை கழண்டு பூடும் போலருக்கு,” என்றாள் இன்னொருத்தி. “இவ பாடு பாடுன்னு உயிர எடுக்குறா.”

எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. பயத்தில் இழுத்து முடிச்சாக்கியிருப்பேன். முடிச்சு விழாததற்கும் அவள்மேல் பொறாமைப்பட்டேன்.

ஊரே பார்க்கும்போது எப்படி மறைப்பது?

“கடைசியா குனிஞ்சது யாரு?”

“நான்தாங்க்கா,” என்றாள் ஓரத்தில் இருந்தவள்.

“நீ மொதல்ல காலெடு.”

ஜடை அவிழ்ந்தது. ஊர் கைதட்டியது.

“இவ்ளோதானாக்கா? இத ஏன் சொல்லல?”

“மறந்துட்டேன்டி.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

“வேற இன்னா இன்னா மறந்தீங்கன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

இன்னும் இரண்டு இருந்தன. ஒன்றைச் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதற்குள் அவள் மூன்று ஊர்களுக்கு வாத்தியார்களைப் பழக்கிவிட்டிருந்தாள். மூன்று ஊருக்கும் போய் நானே சொல்ல வேண்டியதாயிற்று.