கீழ்ப்பக்கத்துப் பாக்கி

எந்தப் பொருளைத் தூக்கப் போனாலும் அப்பா முதலில் அதை ஒரு மூலையில் லேசாகச் சாய்த்துப் பார்ப்பார். உள்ளே எது எந்தப் பக்கம் நகர்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார். என் பள்ளிக்கூடப் பைக்கும் இதே சோதனைதான். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில்.

கூட்டாளி ஒருவர்தான், தூண் மாமா. ஆள் குச்சி மாதிரி இருப்பார். பெயர் கிண்டலுக்கு வைத்தது. படிக்கட்டில் பீரோவை நிமிர்த்திப் பிடித்து இறக்கும்போது அது கீழே நிற்பவர் பக்கம் சாயும். பாரத்தில் பெரும்பங்கு அவர் கையில்தான். அதனால் இருவரும் முறை வைத்திருந்தார்கள். இந்த வீட்டில் ஒருவர் கீழ்ப்பக்கம் என்றால் அடுத்த வீட்டில் மற்றவர்.

ஒரு நாள், கீழ்ப்பக்கம் நிற்பது அப்பாவின் முறை. முழங்கால் வீங்கியிருந்தது.

“நீ மேல நில்லு மாப்ள. இது கடன்தான், மறந்துடுவேன்னு நினைக்காத,” என்றார் தூண் மாமா.

வீட்டுக்கார அம்மா அவசரப்படுத்தினார். “பீரோ காலிதான்ப்பா. சாவிதான் எங்க வெச்சேன்னு தெரியல. சட்டுனு எடுங்க.”

காலி பீரோவில் கேட்க என்ன இருக்கிறது? அப்பா சாய்த்துப் பார்க்கவில்லை. ஆனால் பூட்டிய பீரோவின் மேல்தட்டில் துணி சுற்றிய தையல் மிஷின் தலை இருந்தது.

பாதிப் படியில், திருப்பத்தில், அது உள்ளே சறுக்கிக் கீழ்ப்பக்கம் மோதியது. பீரோ தூண் மாமா மேல் கவிழத் தொடங்கியது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவர், ஒதுங்க இடமில்லை. மேலே நிற்பவர் தன் பக்கத்தைத் தூக்கினால் சாய்வு இன்னும் கூடும். அப்பா தூக்கவில்லை. பிடித்த பிடியோடு படியில் சட்டென்று உட்கார்ந்தார். அவர் பக்கம் இறங்கியது, பீரோ நிமிர்ந்து நின்றது.

“டேய், இருக்கியா?”

“இருக்கேன். நீ எதுக்கு உக்காந்துட்ட? தூக்கம் வருதா?”

இருவரும் சிரித்த சிரிப்பில் கொஞ்ச நேரம் பீரோவை யாரும் தூக்கவே முடியவில்லையாம்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், அதுவும் இயற்பியல். இதைக் கேட்ட அன்றே தாளில் வரைந்தேன். பீரோவின் ஈர்ப்பு மையம் கீழ்க்கையைத் தாண்டினால் அது கவிழும், உள்ளே நின்றால் தாங்கும். உட்கார்ந்ததுதான் சரி. எல்லாம் பொருந்தியது. எனக்குத்தான் ஆறவில்லை. அப்பா தெரிந்தா செய்தார்?

கேட்டேன். “கால் விட்டுடுச்சும்மா, அவ்ளோதான்,” என்றார்.

படத்தை மடித்து வைத்துவிட்டேன். தூண் மாமா உயிரோடு இருக்கிறார். அதற்கு மேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்?

அதன்பின் அப்பா பாரத்தோடு படியேறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது வண்டி மட்டும் ஓட்டுகிறார். சென்ற மாதம் தூண் மாமாவே வீடு மாறினார். யார் சொல்லியும் கேளாமல் அப்பா முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு போய் நின்றார்.

“அந்தக் கடனை இன்னிக்கு அடைச்சிடறேன்டா.”

புது வீட்டில் லிஃப்ட் இருந்தது. பீரோவோடு உள்ளே ஏறிய தூண் மாமா பொத்தானை அழுத்தினார்.

“இதுல ஏது மாப்ள கீழ்ப்பக்கம்? பாக்கி அப்படியே இருக்கு.”