பிக்பாக்கெட்டின் முகம்

திருடன் எப்படி இருப்பான் என்று அந்நாளில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்: கறுப்பு, முறுக்கு மீசை, முகம் நிறைய அம்மைத் தழும்பு. ஐம்பதுகளின் கடைசியில் மலைக்கோட்டைப் பக்கம் ஓர் அச்சகத்தில் நான் படம் போடுகிறவன். லினோலியத்தில் படத்தைச் செதுக்கி மரக்கட்டையில் ஒட்டிக் கொடுத்தால் மெஷினில் ஏறும். அந்த வித்தை தெரியும் என்கிற திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காக, ‘பிக்பாக்கெட் ஜாக்கிரதை’ என்று ஒரு போஸ்டர் கேட்டார் விழாக் கமிட்டிக்காரர். மாதிரிக்கு ஆள் தேடி நான் அலையவில்லை. எங்கள் மெஷின்மேனையே ஜன்னலோரம் நிறுத்தினேன். சமயபுரத்துக்காரர், சின்ன வயதில் அம்மை போட்டவர்.

“எம் மூஞ்சி எதுக்குங்க?” என்றார்.

“சும்மா நில்லுங்க, ஒரு படத்துக்கு.”

கன்னத்தைத் தடவிக்கொண்டார். “ஆத்தா போட்ட முத்துங்க. நல்லா வரைங்க.”

நன்றாகத்தான் வரைந்தேன். அவரே அச்சடித்தார். “அடப்பாவமே, நம்மளையே திருடனாக்கிட்டீங்களே!” என்று சிரித்ததோடு சரி. நானும் கூடச் சிரித்தேன்.

ஏகாதசியன்று மெஷின்மேன் தன் ஆறு வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு சொர்க்கவாசல் வரிசையில் நின்றிருக்கிறார். தொண்டர் ஒருவர் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கழுத்துத் துண்டைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார். “அச்சு அசலா இவன்தாங்க!” என்று கூட்டம் கூடிவிட்டது. அச்சகத்துக்கு வந்துபோகிற கான்ஸ்டபிள் ஒருவர் பார்த்து விடுவிப்பதற்குள் வரிசையில் அவர் இடம் போய்விட்டது.

மறுநாள் வழக்கம்போல மெஷினுக்கு மை போட்டார். நான்தான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அந்தப் படத்தைக் காட்டி, ‘இது நீதானாப்பா’ன்னு எம்பொண்ணு கேட்டுச்சுங்க. இல்லேன்னு எப்படிச் சொல்றது? நாந்தானே நின்னேன். இப்ப எங்கூட வெளியிலேயே வரமாட்டேங்குது.”

அன்று சாயங்காலமே அந்தக் கட்டையை உடைத்துப் போட்டேன்.

அடுத்த வருஷம் பழைய கட்டையையே ஓட்டச் சொன்னார் கமிட்டிக்காரர். கட்டை உடைந்துபோச்சு என்றேன். புதிதாக ஒரு கையை மட்டும் செதுக்கினேன். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கைக்கடிகாரம், மோதிரம். இரண்டு விரல் அடுத்தவர் பைக்குள். முகமே கிடையாது.

“என்னய்யா, பெரிய மனுஷன் கையா இருக்கு? இதைப் பாத்து யாரைப் பிடிக்கிறது?” என்றார் கமிட்டிக்காரர்.

“யாரையும் பிடிக்க வேணாங்க. அவங்கவங்க பையைப் பிடிச்சுக்கட்டும்.”

முணுமுணுத்தார். வேறு செய்ய நாள் இல்லாததால் ஒத்துக்கொண்டார்.

மெஷின்மேன் முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார்.

“உங்க கையா?”

“என்னுதுதான்.”

“ஒண்ணு எடுத்துக்கறேங்க. பொண்ணுக்குக் காட்டணும்” என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஏகாதசி கழிந்து சில நாளில், அவருக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணே வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அப்பாவைத் தேடி வருகிறாள். அவர் உள்ளே இருந்தார்.

“குடு பாப்பா, நான் வாங்கி வைக்கிறேன்” என்று கையை நீட்டினேன்.

கடிகாரத்தைப் பார்த்தாள். மோதிரத்தைப் பார்த்தாள். தூக்குவாளியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “அப்பா!” என்று கத்தியபடி உள்ளே ஓடினாள். எனக்கு நன்றாக வேண்டும்.