கப்பல் வியாபாரியின் படச்சட்டம்

சனிக்கிழமை காலை 9.10. மோர்னிங்சைட்டிலிருந்து விட்பிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். 401 நெடுஞ்சாலை அதிசயமாக வெறுமையாகக் கிடந்தது. நானும் மனைவி சுமதியும் ஒரு படச்சட்டம் வாங்கப் போனோம். இறந்துபோன அப்பாவின் பெரிதாக்கிய படம் மூன்று வருடமாக அலுமாரிக்கு மேல் சுருண்டு கிடக்கிறது. அதற்குத் தங்கப்பூச்சுச் சட்டம்தான் வேண்டும் என்று எனக்கொரு வீம்பு. விளம்பரத்தில் விலை 180 டொலர். சட்டத்துக்குள் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவரைக் கழற்றிவிடலாம்.

9.45. விளம்பரம் கொடுத்திருந்த மூதாட்டி தன் விட்பி வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்தில் ஓர் ஒற்றை அறைக்குப் போகிறார். எண்ணெய்ச் சாயப் படத்தில் இருப்பவர் தன் பாட்டனுக்கும் பாட்டன் என்றார். இருநூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில், பொஸ்டனில், கப்பல் விட்டு வியாபாரம் செய்தவராம். கறுப்புக் கோட்டு, சிவந்த மூக்கு, கையில் ஒரு கடிதம், முதுகுக்குப் பின்னால் பாய்மரம். சட்டத்தை மட்டும் கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

நான் கெட்டிக்காரன் அல்லவா? எங்கள் வீடுகளில் இறந்தவர்களின் படத்தை மாட்டி, அவர்கள் நாளில் மாலை போட்டுக் கும்பிடுவோம் என்றேன். சொன்னது பொய்யில்லை. சொன்ன நோக்கம்தான் பொய். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சுமதிக்குப் பொறுமை போயிற்று. "உந்த ஆளை இஞ்சையே கழட்டி எறிஞ்சுபோட்டு வாங்கோ. கார் சீற் ஊத்தையாகும்."

மனைவி என்ன சொல்கிறார் என்று மூதாட்டி கேட்டார்.

"முகத்தில் நல்ல களை இருக்கிறதாம்" என்றேன் ஆங்கிலத்தில்.

கொடுத்த பணத்தில் அறுபது டொலரைத் திருப்பித் தந்து பூ வாங்கச் சொன்னார். வாங்கிக்கொண்டேன். எந்த நாளில் மாலை போடுவீர்கள் என்று கேட்டார். இறந்த நாளில் என்றேன். போர்வை எடுக்க உள்ளே போனவர் வரச் சற்று நேரமானது. படத்தைத் தானே சுற்றிக் கட்டினார்.

11.30. எங்கள் கராஜில் போர்வையை அவிழ்த்து, ஸ்குறூட்றைவரோடு குனிந்தேன். படத்தின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. நடுங்கும் எழுத்தில் வியாபாரி இறந்த நாள்: மார்ச் 9. அதற்குக் கீழே, ஒரு வருடம் தவறினாலும் அவர் கோபிக்கமாட்டார் என்றிருந்தது.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இருநூறு வருடத்துப் பாட்டனின் நாள் மூதாட்டிக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் கலண்டரைப் பார்த்துத் திதி சொல்வது சுமதிதான்.

"அப்பான்ர திவசம் எப்ப வருது?" என்று கேட்டேன்.

"போன கிழமை முடிஞ்சுது. சொன்னனான். நீங்கள் ஓவர்டைம் எண்டு வேலைக்குப் போட்டியள். நான் தனியத்தான் படைச்சனான்."