நிறுத்திய நாடகத்தின் நேற்றைய கதை

இன்று காலையும் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சோதனைச் சாவடி வரிசையில் நின்றோம்.

“என்ன புள்ள, நேத்து அந்தப் பாட்டுக்காரிக்கு என்ன நடந்த?” என்றார் வெல்லாவெளி அக்கா.

ஊரைவிட்டு வந்து அவர் இருக்கும் அகதி முகாமில் கரண்ட் இல்லை. வாய்ப்புத் தேடி அலையும் பாடகியைப் பற்றிய அந்த டிவி சிரிப்பு நாடகத்தை, தினமும் வரிசையில் நான்தான் சொல்வேன்.

தொடங்கிய மூன்றாம் வாரமே நேற்று நிறுத்திவிட்டார்கள். சொல்ல மனம் வரவில்லை.

“கலியாண வீட்டுல பாடப் போனவள், அக்கா. மைக் வேலை செய்யல்ல” என்று அவிழ்த்துவிட்டேன்.

“ஐயோ பாவம், பொறகு?”

பின்னால் நின்ற டீச்சர் வீட்டில் டிவி இருக்கிறது. மாட்டினேன் என்று நினைத்தேன்.

“மைக் இல்லாமலே பாடினவள். நானும் பார்த்தனான்” என்றார் டீச்சர்.

நாளைக்கு அக்காவிடம் சொல்ல, அந்தப் பாட்டுக்காரிக்கு என்ன நடக்கலாம்? இதை வாசிக்கிறவர்கள் காலை பஸ்ஸுக்கு முன் எனக்கு எழுதுங்கள். அவளைச் சாகடிக்க மட்டும் வேண்டாம்.