பாத்துக்கலாம்

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. மனைவி எரிச்சலில் வைத்த பெயர்தான் நிலைத்தது: ‘பாத்துக்கலாம்’. வேலை எலக்ட்ரீஷியன். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடிப்போய் விளக்கை எரியவைப்பான். சொந்த வீட்டு வேலை என்றால் மட்டும் கைக்குச் சுளுக்கு வந்துவிடும்.

மாடிப்படி வளைவில் பல்பு போய் யுகமாயிற்று. மனைவி கேட்டால், பாத்துக்கலாம். பல்வலியில் அவள் கன்னம் வீங்கியபோதும் அதேதான். அவளுடைய அம்மா படுத்த படுக்கையானபோது, ஒருதரம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அழுதாள். தனியாகவும் போகவிடாமல், பாத்துக்கலாம் பாத்துக்கலாம் என்றே நாளைக் கடத்தினான். கடைசியில் போய்ப் பார்த்தார்கள், மூச்சு நின்ற பிறகு. அதன்பின் அவள் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை. பெண்டாட்டி திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான், அந்த மேதாவி.

ஒரு மழைநாள் சாயங்காலம் கருவிப் பையோடு ஏறும்போது, அதே வளைவில் கால் தவறியது. படி விளிம்பு முழங்காலுக்குக் கீழே நன்றாகப் பதம் பார்த்தது. மறுநாள் டாக்டர் தொட்டுப் பார்த்தார். “உள்ள ரத்தம் கட்டியிருக்கும். தேய்க்காதீங்க, தானாக் கரையும். கரையலைன்னா பாத்துக்கலாம்.”

அவர் சொன்னது, மறுபடி வந்து காட்டு என்று. இவன் காதில் விழுந்தது, விட்டுத்தள்ளு என்று. இவன் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாதே.

கன்றிப்போன நிறம் மறைந்தது, நொண்டல் போயிற்று, கட்டி மட்டும் போகவில்லை. எலுமிச்சை அளவில் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. கூட வேலை செய்தவர்கள் ‘தங்கக்கட்டி’ சௌக்கியமா என்று விசாரித்தார்கள். இவனும் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டிச் சிரித்தான். ஏணிப்படியில் கட்டி இடித்து வலியில் உயிர் போனபோதுதான் சிரிப்பு நின்றது. கரண்ட்டுக்கு அஞ்சாதவனுக்கு ஊசி என்றால் நடுக்கம். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றான்.

“கட்டி பெருசாகுது. பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட வரியா?”

அவள் சட்டைக் காலரை நீவிவிட்டாள். “பாத்துக்கலாம்.”

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். முகத்தைப் பார்த்தால் அதில் விளையாட்டு இல்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவளாகக் கூப்பிடட்டும், அப்புறம் போவோம் என்று இருந்தான். அவள் கூப்பிடவில்லை. ரோஷத்துக்குக் காலைக் கொடுத்தவன் உலகத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

காலை ஊன்றவே முடியாமல் போன பிறகு சக வேலைக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அது ரத்தக்கட்டே இல்லை, புற்றுநோய் என்றார் அதே டாக்டர். அடிபட்டதால் வந்ததும் இல்லையாம். அடிபட்டதால் கண்ணில் பட்டதாம். முன்பே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமாம்.

“நீங்கதானே டாக்டர், பாத்துக்கலாம்னீங்க?”

“ஆமா. நீங்க வந்தாத்தானே பாக்க முடியும்?”

முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மனைவி ஒரு குறை வைக்கவில்லை. ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள். ஒரு கடுஞ்சொல் வரவில்லை. திட்டினால் தேவலை என்று ஏங்கினான்.

வீடு திரும்பிய அன்று படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினான். வளைவில் கும்மிருட்டு. கை படியைத் தேடியது. அடுத்தது எங்கே என்று தெரியவில்லை. மேலே பையோடு போய்க்கொண்டிருந்தவளிடம், யாரையாவது கூப்பிட்டு ஒரு பல்பு போடச் சொல்லேன் என்று கெஞ்சினான். இருட்டில் கண்ணே தெரியவில்லை என்றான்.

அவள் நின்றாள். அந்தப் பழைய சொல்தான் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டான். அது வரவில்லை.

“போகப் போகப் பழகிடும்,” என்றாள் அவள். “எனக்குப் பழகலையா?”