எல்சி அக்காவின் நாற்பது நம்பர் ஒயில்

எல்சி அக்காவைப் பிடிவாதக்காரி என்கிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். மற்றப் பாதி என்னவென்றால், அவர் பிடிக்கிற பிடி அநேகமாகச் சரியாக இருக்கும். எங்கள் ஆம்பிளைகளுக்குச் செமிக்காதது அதுதான். நான் அவருக்குப் பக்கத்து வீடு, கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். ஆகவே நடுநிலையாகக் கதைப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அக்காவிடம் டீசல் எஞ்சின் பூட்டிய மரப்படகு ஒன்று இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அதில் மரக்கறியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுப்பார். ஓட்டுவதும் அவர், எஞ்சினுக்குள் கையை விடுவதும் அவர். எஞ்சினுக்கு வயது போய்விட்டது. உள்ளே தேய்ந்து, ஒயிலைக் கொஞ்சம் குடிக்கும், நீலமாகப் புகைக்கும்.

எங்கள் கோயில் திருவிழாவின் கடைசி நாள் மாதா சுருவத்தை, அதாவது மாதாவின் சிலையை, படகில் ஏற்றிக் கடலில் பவனி போவோம். எந்தப் படகு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது வழக்கம். சுருவப் படகு முன்னே போகும், மற்றப் படகுகள் பின்னால் வரும். அதை முந்துவது பெரிய குற்றம். அக்கா வருடா வருடம் பெயர் போடுவார், விழாது. இந்த முறை விழுந்தது. பங்குச் சுவாமியார் பெயரை வாசித்ததும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் இக்னேசியஸ் அண்ணன், திருவிழாக் குழுத் தலைவர். புது எஞ்சின் பூட்டிய படகுக்குச் சொந்தக்காரர்.

"எல்சி, உம்மட படகு புகைக்கும். மாதாவிட வெள்ளை உடுப்பு கரியாகும். விட்டுக் குடும்."

"மாதா தந்ததை நான் திருப்பிக் குடுக்க ஏலாது."

"அப்ப ஒரு பொட்டுக் கரி பட்டாலும் நடுக்கடலில வைச்சு என்ர படகுக்கு மாத்துவன்."

சுவாமியும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

அன்று பின்னேரம் நானும் அக்காவும் ஜவ்பர் நானாவின் கடைக்குப் போனோம். படகுச் சாமான் எதுவென்றாலும் அங்கேதான். விஷயம் அவருக்கு முன்னமே எட்டியிருந்தது. ஐம்பது நம்பர் ஒயில் கானை எடுத்து முன்னே வைத்தார்.

"வயசான எஞ்சினுக்குக் கட்டி ஒயில்தான் அக்கா. இதை ஊத்துங்க, புகை அடங்கிரும். ஊரே இதைத்தான் செய்யுது."

"ஊர்க்கதை கேட்டு ஒருக்கா ஊத்தினனான். காலமை கிளப்பேக்க அந்தக் கட்டி ஒயில் மேல ஏறக் கனநேரம் எடுத்துது. மேல காய்ஞ்சுபோய்க் கடகடவெண்டு அடிச்சுது. கடைசியில பேரிங் போய், படகு மாசக்கணக்காக் கரையில கிடந்தது. முழங்கால் பிடிச்ச கிழவிக்குக் களி கிண்டிக் குடுத்தா ஓடுவாளோ, நானா? இளக்கமான நாப்பதை எடுங்கோ."

"புகைக்குமே!"

"புகைக்கட்டும். வயசு போனா புகைக்கும்தான். ஒளிக்கிறதுக்கு அதென்ன களவே?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா நாற்பது நம்பர் கானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். வழியில் மட்டும் மெதுவாகச் சொன்னார், "எனக்கும் பயம்தான் பிள்ளை. நடுக்கடலில மாதாவை இறக்கிக் கொண்டு போனா என்னால தாங்க ஏலாது."

திருவிழா அன்று கச்சான் காற்று பலமாக வீசியது. கோயில் கொடி வடக்குப் பார்த்துப் பறந்தது. சுருவம் படகின் முன்பக்கம், அணியத்தில்; புகைக் குழாய் பின்னால். பவனி எப்போதும் முதலில் வடக்கே உப்புவெளிப் பக்கம்தான் போகும். அப்படிப் போனால் பின்காற்று புகையை அள்ளி மாதாவின் மேலேயே போடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் பாட்டுக் குழுவை ஏற்றியிருந்த இக்னேசியஸ் அண்ணனுக்கு அது இன்னும் நன்றாகவே தெரிந்தது. சுருவப் படகுக்கு ஒட்டினாற்போல் படகைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அக்கா கொடியை ஒருமுறை பார்த்தார். சுக்கானைத் தெற்கே திருப்பினார்.

"எல்சி! வழி அது இல்லை!" என்று அண்ணன் கத்தினார்.

அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு கோட்டைப் பக்கமாகப் போனார். முந்தக்கூடாது, பின்னால் போகத்தான் வேண்டும். புகை முழுவதும் எங்கள் மேல் வந்தது. நாங்கள் பாடியும் இருமியும், இருமியும் பாடியும் ஒருமாதிரிப் போய்ச் சேர்ந்தோம்.

திரும்பி வரும்போது பின்காற்று. இப்போது என்ன செய்வார் என்று நான் செபமாலையை இறுக்கிப் பிடித்தேன். அக்கா எஞ்சினை நிப்பாட்டினார். படகில் கூட நின்ற அவருடைய ஆட்கள் துடுப்பெடுத்துத் தண்டு வலித்தார்கள், காற்று படகைத் தள்ளிக்கொண்டு வந்தது. முந்தவும் கூடாது, அந்த மெதுவான வேகத்தில் புது எஞ்சின் எதற்கு? அண்ணனும் நிப்பாட்டினார். மற்றவர்களும் நிப்பாட்டினார்கள். எத்தனையோ வருடமாக எஞ்சின் சத்தத்தோடு மல்லுக்கட்டிப் பாடிய எங்கள் பாட்டு அன்றுதான் கரை வரைக்கும் கேட்டதாம். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

கரையில் சுவாமி மாதாவின் உடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பளிச்சென்ற வெள்ளை. அக்கா அப்போதுதான் மூச்சு விட்டார். இக்னேசியஸ் அண்ணனின் வெள்ளைச் சேட்டிலோ கரிப் பொட்டுகள். என் சேலையும் அப்படித்தான், ஆனால் எனக்குக் கவலையில்லை.

"அடுத்த வருசம் உம்மட பேர் விழுந்தா, ஐம்பது நம்பர் ஒயில் நானே வாங்கித் தாறன்," என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாங்கி உங்கட சேட்டுக்கு ஊத்துங்கோ அண்ணன்," என்றார் அக்கா. "என்ர எஞ்சினுக்கு நாப்பதுதான்."